ஹோபார்ட் பந்தயத்துக்கு எந்தப் படகு? முரட்டுக் கடலில் நான்கு வகைகள்

துறைமுகத்துக்குள் வார இறுதிப் பந்தயங்களில் பாய்மரப் படகு ஓட்டிப் பழகியவர்கள், இரண்டு மூன்று வருடம் ஆனதும் ஒரே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள். நண்பர்கள் சேர்ந்து சிட்னி–ஹோபார்ட் போவதாக முடிவு செய்துவிட்டோம், எந்த மாதிரிப் படகை எடுப்பது? கேட்பவர்களில் பாதிப் பேர் "கனமான பழைய படகுதான் பாதுகாப்பு" என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் "வேகமான படகு என்றால் புயல் வருவதற்குள் கரை சேர்ந்துவிடலாமே" என்று கணக்குப் போடுவார்கள். இரண்டையும் முழுசாக நம்பக் கூடாது என்பது என் கட்சி. காற்று 40 நாட் வேகத்தை (மணிக்கு 40 கடல் மைல்) தாண்டிய பிறகு, படகு தாங்குமா என்பதைவிட, அந்தப் படகு உங்கள் ஆட்களை எந்த நிலையில் வைத்திருக்கும் என்பதுதான் பெரிய கேள்வி.

பந்தயப் பாதையைத் தெரிந்துகொண்டால் மற்றது புரியும். 1945-இல் தொடங்கிய பந்தயம். ஒவ்வொரு டிசம்பர் 26-ஆம் தேதியும் சிட்னி துறைமுகத்தில் கிளம்பி, டாஸ்மேனியாவின் ஹோபார்ட் வரை 628 கடல் மைல். நியூ சவுத் வேல்ஸ் கரையோரமாகக் கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் தெற்கே ஓடுகிறது. தெற்கே போகும் படகுக்கு அது இலவச வேகம். ஆனால் காற்று தெற்கிலிருந்து திருப்பி அடித்தால் நீரோட்டமும் காற்றும் நேருக்கு நேர் முட்டும். அலைகள் நெருங்கி, செங்குத்தாக எழும். அதைத் தாண்டினால் டாஸ்மேனியாவுக்கு முன்னால் இருக்கும் பாஸ் நீரிணை. சராசரி ஆழம் 60 மீட்டர்தான். பெருங்கடலிலிருந்து வரும் நீண்ட அலை அங்கே நுழைந்ததும் குறுகி, தூக்கி, உடைகிறது. படகைச் சோதிப்பது காற்றின் வேகத்தைவிட இந்த அலையின் வடிவம்தான்.

## எதை வைத்து எடை போடுவது

எதிர்க்காற்றில் பன்னிரண்டு மணி நேரம். தெற்கத்திக் காற்று திரும்பினால் அவ்வளவு நேரம் அதை எதிர்த்தே போக வேண்டி வரலாம். அலை உச்சியிலிருந்து படகு வழுக்கி இறங்குகிறதா, இல்லை தொம்மென்று விழுகிறதா?

சாய்ந்தால் நிமிருமா. ஒவ்வொரு படகுக்கும் ஒரு நிமிரும் எல்லை உண்டு. அந்தக் கோணம் வரை சாய்ந்தால் தானாக எழும். தாண்டினால் தலைகீழாகப் போய் அங்கேயே நிற்கப் பார்க்கும். ஹோபார்ட் பந்தயத்தில் பொதுவாகக் கேட்கும் அளவு 115 பாகை. 1979-இல் இங்கிலாந்தின் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 15 போட்டியாளர்கள் இறந்த பிறகு, சவுதாம்ப்டனில் மாதிரிப் படகுகளை வைத்துச் சோதித்தார்கள். பக்கவாட்டில் வந்து உடையும் அலையின் உயரம் படகு நீளத்தில் 30 சதவீதம் இருந்தாலே அதைப் புரட்டிவிடக்கூடும் என்று தெரிந்தது. 60 சதவீதம் என்றால் ஏறக்குறைய எந்தப் படகும் முழுசாக உருளும். பத்து மீட்டர் படகுக்கு உடையும் அலை மூன்று மீட்டர் இருந்தால் போதும். ஆகவே எந்த வடிவமைப்பு நுணுக்கத்தையும்விட நீளம் முந்தி நிற்கிறது.

பின்காற்றில் பிடி. சுகமாகத் தெரியும், ஆனால் ஆளைக் கொல்லும் விபத்து இங்கேயும் நடக்கிறது. 2024 பந்தயத்தில் முதல் இரவிலேயே இரண்டு வேறு படகுகளில் இருவர் இறந்தார்கள். ஒருவரைப் பூம் (பெரும்பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் குறுக்குக் கம்பு) அடித்தது, இன்னொருவரைப் பெரும்பாயைப் பிடித்திருக்கும் கயிறு. சுக்கான் பிடித்தவரின் கையை மீறிப் படகு திரும்பினால், பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நொடியில் பாயும்.

எத்தனை பேர், எவ்வளவு பழக்கம். அப்புறம் செலவு: வாங்கும் விலை இல்லை, வாங்கிய பிறகு வருவது.

## 1. பழைய கனப் படகு

ஸ்பார்க்மன் அண்ட் ஸ்டீஃபன்ஸ் வரைந்த எஸ் அண்ட் எஸ் 34, 47 போன்றவை. இங்கிலாந்துப் பக்கம் கான்டெஸா 32. ஒடுங்கிய உடல், ஆழமான அடிப்பாகம், மொத்த எடையில் பாதிக்குக் கிட்ட ஈயம். குண்டும் குழியுமான ரோட்டில் லோடு ஏற்றிய லாரிக்கும் வெறும் லாரிக்கும் என்ன வித்தியாசமோ, அதுதான் இதற்கும் புதிய படகுக்கும். மூக்கு அலையைக் கிழித்துக்கொண்டு போகும், தூக்கிப் போடாது. அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைக்க முடியும். தூங்க முடியும்.

நிமிரும் எல்லையிலும் இவைதான் ராஜா. கான்டெஸா 32-க்கு அது 155 பாகை அளவில் இருக்கிறது. இன்றைய அகலமான படகுகள் பலவும் 120-லிருந்து 130-க்குள். 1979 ஃபாஸ்ட்நெட்டில் மிகச் சிறிய படகுகளுக்கான பிரிவில் ஒரே ஒரு படகுதான் பந்தயத்தை முடித்தது. அது அசென்ட் என்ற கான்டெஸா 32. ஜெசிகா வாட்சன் பதினாறு வயதில் தனியாக உலகைச் சுற்றியது எஸ் அண்ட் எஸ் 34-இல். வழியில் பல முறை படகு படுத்தது, எழுந்தது. லவ் அண்ட் வார் என்ற எஸ் அண்ட் எஸ் 47, ஹோபார்ட் பந்தயத்தை 1974, 1978, 2006 என்று மூன்று முறை நேரச் சலுகைக் கணக்கில் வென்றிருக்கிறது. மெதுவான படகுக்குக் கணக்கில் நேரம் கழித்துக் கொடுப்பதால், எதிர்க்காற்று நீடிக்கும் வருடங்களில் இப்படிப் பட்ட படகுகள் எல்லோரையும் முந்திவிடும்.

இனி மறைந்திருக்கும் விலை. முதலாவது, நேரம். சராசரி 6 நாட் என்றால் 628 மைலுக்கு நூறு மணி நேரத்துக்கு மேல். வேகமான படகு ஒரு காற்று மாற்றத்தைச் சந்திக்கும் இடத்தில் நீங்கள் இரண்டைச் சந்திப்பீர்கள். பாஸ் நீரிணைக்குள் இருக்கும் நேரமும் அதே விகிதத்தில் நீளும். இரண்டாவது, பின்காற்றில் இவை உருளும். 30 நாட்டில் ஸ்பின்னேக்கர் (பின்காற்றுக்கான பெரிய பலூன் பாய்) ஏற்றினால் இடமும் வலமுமாக ஆடி, ஓட்டுபவரின் தோளைப் பிடுங்கும். மூன்றாவது, வயது. ஐம்பது வருடப் படகில் பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் உடலோடு சேரும் இடம், சுக்கான் தண்டு, அடிப் போல்ட்டுகள் எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டும். சல்லிசாகக் கிடைத்தது என்று வாங்கி, அதே தொகையைப் பழுது பார்க்கக் கொட்டியவர்கள் நிறைய.

'கனம் என்றால் கவிழாது' என்பதும் சரி இல்லை. தனியாக உலகைச் சுற்றும் 2018 கோல்டன் குளோப் பந்தயத்தில் நம் கடற்படையின் அபிலாஷ் டோமி ஓட்டிய துரியா, கோவாவில் கட்டிய 32 அடிப் படகு, ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் உலகைச் சுற்றிய பழைய சுஹைலி படகின் நகல். தெற்கு இந்தியப் பெருங்கடலில் உருண்டது, பாய்மரம் முறிந்தது, அவருடைய முதுகெலும்பு அடிபட்டது. அதே புயலில் கிரெகர் மெக்கக்கினின் 36 அடிப் படகும் பாய்மரத்தை இழந்தது. உருண்டன, ஆனால் மூழ்கவில்லை. இந்த வகையிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது அதுதான்.

## 2. நடுத்தர எடைப் பந்தய–உல்லாசப் படகு

38 முதல் 45 அடி, கண்ணாடியிழை உடல், கேபினுக்குள் சமையல் மேடை, எட்டு அல்லது பத்துப் பேர். பெனட்டோ ஃபர்ஸ்ட் 40 நல்ல உதாரணம்: 12.2 மீட்டர் நீளம், ஏறக்குறைய 8 டன். டூ ட்ரூ என்ற ஃபர்ஸ்ட் 40 தான் 2009 ஹோபார்ட்டை வென்றது. 2014-இல் வென்ற வைல்ட் ரோஸ் 1985-இல் கட்டிய ஃபார் 43. ஆக, புதுசாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இதன் நல்ல குணம், எதிலும் மோசமில்லை. எதிர்க்காற்றில் கனப் படகு அளவுக்கு மென்மையாகப் போகாது, ஆனால் பல்லை ஆட்டாது. மூன்றாம் மடிப்பு வரை பெரும்பாயைச் சுருக்கி, சின்ன ஜிப்போடு (முன்பாய்) 40 நாட்டில் ஒழுங்காக ஓடும். முதல்முறை போகும் குழுவுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கவலை ஒன்று உண்டு: கீல், அதாவது படகை நிமிர்த்திப் பிடிக்க அடியில் தொங்கும் கனமான பாகம். 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் சீக்கி ராஃபிக்கி என்ற படகின் கீல் கழன்று, நான்கு பேர் இறந்தார்கள். முன்பு தரைதட்டியபோது ஏற்பட்ட பாதிப்பு, படகின் அடியில் ஒட்டியிருந்த உள்சட்டத்தைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்றது விசாரணை. வாடகைக்கும் பயிற்சிக்கும் ஓடும் படகுகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். பலர் கை மாறிய படகில் யார் எங்கே தட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேபின் தரைப்பலகையைத் தூக்கி, கீல் போல்ட்டுகளைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல், துருக் கோடு, புதிதாகப் பூசிய பெயின்ட் மூன்றுமே கேள்வி கேட்க வேண்டிய இடங்கள். மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்தும்.

## 3. இருவர் ஓட்டும் அகல வால் படகு

இப்போது எல்லோரும் பேசுவது இதைப் பற்றித்தான். ஜேபிகே 10.30, சன் ஃபாஸ்ட் 3300 போன்ற பத்து மீட்டர் பிரெஞ்சுப் படகுகள். எடை மூன்றரை, நான்கு டன். பின்பக்கம் நன்றாக அகலம், பெரும்பாலும் இரண்டு சுக்கான். அகல வால் படகு சாயும்போது நடுவில் இருக்கும் ஒற்றைச் சுக்கான் தண்ணீரை விட்டு மேலே வந்துவிடும். இரண்டு இருந்தால், தாழ்ந்த பக்கத்துச் சுக்கான் ஏறக்குறைய நேராக நின்று பிடி கொடுக்கும். பின்காற்றில் இவற்றின் அமைதி ஆச்சரியமானது. 30 நாட்டில் அலைமேல் சறுக்கிக்கொண்டு போகும்போது ஓட்டுபவர் இரண்டு விரலால் பிடித்திருப்பார்.

2013 ஃபாஸ்ட்நெட்டை ஒட்டுமொத்தமாக வென்றது நைட் அண்ட் டே என்ற ஜேபிகே 10.10. பாஸ்கல் லுவாசோன், மகன் அலெக்ஸி, இரண்டே பேர். ஹோபார்ட்டில் 2021 முதல் இருவர் பிரிவு இருக்கிறது. அதில் தானியங்கிச் சுக்கானும் அனுமதி.

ஆனால் தெற்கத்திக் காற்று திரும்பியதும் கதை மாறுகிறது. அகலமான, தட்டையான அடிப்பாகம் அலை உச்சியைத் தாண்டியதும் கீழே தாங்க எதுவும் இல்லாமல் விழும். அடி மட்டமாக மோதும்போது பாய்மரம் அடிமுதல் நுனிவரை உதறும். கேபினுக்குள் இருப்பவருக்கு அது சத்தம் மட்டுமில்லை. படுக்கையிலிருந்து உடம்பு எழும்பி மறுபடி விழும். நனைந்த சாக்ஸை மாற்ற ஒரு கை, பிடித்துக்கொள்ள ஒரு கை, வாந்திக்கு வாளி பிடிக்க இன்னொரு கை வேண்டும். மூன்று கை யாருக்கும் இல்லை. இருவர் மட்டுமே என்றால், ஒருவர் சுருண்டு விழுந்த அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் தனி ஆள். தானியங்கிச் சுக்கான் பக்க அலை வருவதைப் பார்க்காது, பூம் பாயப்போவதையும் உணராது. மூன்று மீட்டர் உடையும் அலைக் கணக்கையும் இங்கே மறக்கக் கூடாது. இந்தப் படகுகளின் நீளம் பத்து மீட்டர்தான்.

மறைமுகச் செலவு மின்சாரம். தானியங்கிச் சுக்கான், கருவிகள், ஏஐஎஸ் (மற்ற கப்பல்களுக்கு நம் இடத்தைக் காட்டும் கருவி), வானொலி எல்லாம் பேட்டரியைக் குடிக்கும். முரட்டுக் கடலில் எஞ்சினை ஓட்டிச் சார்ஜ் செய்யும்போது படகு அதிகம் சாய்ந்திருந்தால் எஞ்சின் குளிர்நீரை இழுக்காது. உதிரி மோட்டார், உதிரிக் கட்டுப்பாட்டுப் பெட்டி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

## 4. கார்பன் வேகப் படகு

டிபி52 இந்த வகையின் தலை. 15.85 மீட்டர் நீளம், எடை 7 டன்னைச் சற்றுத் தாண்டும். மூன்றரை மீட்டருக்கு மேல் குட்டையான ஃபர்ஸ்ட் 40-ஐவிட எடை குறைவு! இச்சி பான் 2017, 2019, 2021 என்று மூன்று முறையும், செலஸ்டியல் 2022-இலும் ஹோபார்ட்டை வென்றன, நான்குமே டிபி52. சராசரி 12 நாட் போனால் இரண்டு நாளைக் கொஞ்சம் தாண்டும்போது ஹோபார்ட் இருக்கும் டெர்வென்ட் ஆற்றுக்குள் இருப்பீர்கள். நீளம் பாதுகாப்பு தருகிறது, வேகம் வானிலையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைத் தருகிறது.

அதற்கான விலை? பதினான்கு பேர் அளவுக்குப் பழகிய ஆட்கள். எதிர்க்கடலில் மெதுவாக ஓட்டத் தெரிய வேண்டும். பாய்களைப் பருவத்துக்குப் பருவம் மாற்ற வேண்டும். மூன்றரை மீட்டர் ஆழத்தால் பல துறைகளில் கட்டவே முடியாது. நண்பர்கள் குழுவாக இதை வாங்குவதைப் பற்றிப் பேச வேண்டாம். ஏற்கெனவே ஓடும் குழுவில் ஓர் இடம் கிடைத்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போங்கள்.

நூறு அடிப் படகுகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கோமான்ச்சே 2017-இல் 1 நாள் 9 மணி 15 நிமிடம் 24 நொடியில் ஓடியது அழகான விஷயம், நமக்கு உதவாது. இரட்டை உடல், முவ்வுடல் படகுகளுக்கு இந்தப் பந்தயத்தில் இடமே இல்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கனப் படகு | நடுத்தரம் | அகல வால் | கார்பன் 52 |
|---|---|---|---|---|
| எதிர்க்காற்று, செங்குத்து அலை | மென்மை, மெதுவு | பரவாயில்லை | பலமாக மோதும் | மோதும். அடக்கி ஓட்ட வேண்டும் |
| நிமிரும் எல்லை | மிக நல்லது | போதுமானது. சான்றிதழ் பாருங்கள் | போதுமானது. நீளம் குறைவு | போதுமானது. நீளம் துணை |
| பின்காற்று | உருளும் | கவனம் தேவை | மிக நல்லது | நல்லது, தவறினால் வேகம் ஆபத்து |
| ஆட்கள் | 6 முதல் 9 | 8 முதல் 10 | 2, அல்லது 5–6 | 14 அளவு |
| கடலில் நேரம் | நான்கு நாளைத் தாண்டும் | மூன்று, நான்கு நாள் | மூன்று, நான்கு நாள் | இரண்டு நாள் அளவு |
| மறைமுகச் செலவு | பழுது | கீல் பரிசோதனை | மின்சாரம், உதிரி | பாய், ஆட்கள், துறை |

## 1998-ஐ வைத்து ஒரு சோதனை

அந்த வருட ஹோபார்ட் பந்தயத்தைப் பெரும் புயல் தாக்கியது. 115 படகுகள் கிளம்பின, 44 முடித்தன. ஐந்து மூழ்கின, ஆறு பேர் இறந்தார்கள், 55 பேரை மீட்டார்கள். கனம்–லேசு என்ற வாதத்தை இங்கே உரசிப் பாருங்கள். மூழ்கியவற்றில் ஒன்று வின்ஸ்டன் சர்ச்சில். 1942-இல் கட்டிய கனமான மரப்படகு, 1945-இன் முதல் பந்தயத்திலேயே ஓடியது. ஓர் அலை அதைத் தூக்கி எறிந்தது, உடல் திறந்தது, உயிர்காப்பு மிதவையில் இறங்கியவர்களில் மூன்று பேர் திரும்பவில்லை. ஒட்டுமொத்தப் பந்தயத்தை வென்றது எது? எட் சால்டிஸும் பாப் தாமஸும் ஓட்டிய ஏஎஃப்ஆர் மிட்நைட் ராம்ப்ளர், வெறும் 35 அடி, ஏழு பேர். சுக்கானில் இருந்தவர் ஒவ்வோர் அலையையும் பார்த்து ஏறி, உச்சியில் திருப்பி, பின்பக்கம் இறங்கினார்.

இதை வைத்து லேசான படகே நல்லது என்று முடிவு கட்டிவிட முடியாது. பிசினஸ் போஸ்ட் நாயட் என்ற படகு அதே கடலில் இரண்டு முறை உருண்டு இரண்டு பேரைப் பலி கொண்டது. அதன் நிமிரும் எல்லை விதி கேட்ட அளவுக்குக் கீழே இருந்தது விசாரணையில் வெளிவந்தது. எனக்கு இதில் தெரிவது இரண்டு விஷயம். சான்றிதழில் இருக்கும் எண் வெறும் காகிதம் இல்லை. அந்த எண் சரியாக இருக்கும் படகுகளுக்குள், இருபதாவது மணி நேரத்திலும் சுக்கானில் தெளிவான ஒருவரை உட்கார வைக்க முடிந்த படகு பிழைக்கிறது. அப்படிப்பட்ட மூன்று நான்கு பேராவது உங்களிடம் உண்டா என்று எண்ணிப் பாருங்கள். அப்புறம் படகைத் தேடலாம்.

## உங்கள் நிலைமைக்கு எது

எட்டுப் பேர், அதில் பாதிப் பேர் இரவில் கடலில் ஓட்டியதே இல்லை என்றால் நடுத்தரப் படகு. வாடகைக்கே எடுங்கள், முதல் வருடம் வாங்க வேண்டாம்.

ஆறு பேர், பொறுமைசாலிகள், கைவேலை தெரிந்தவர்கள், நாள் கணக்கைப் பற்றிக் கவலை இல்லை என்றால் கனப் படகு. கடல் நோய் அதிகம் வருபவர்கள் இருந்தாலும் இதுவே.

இருவர் பல பருவங்களாகச் சேர்ந்து ஓட்டியிருக்கிறீர்கள், ஒருவர் முடங்கினாலும் மற்றவர் தனியாகப் பாயைச் சுருக்கிவிடுவார் என்றால் அகல வால். இதை முழுக் குழுவோடு ஐந்தாறு பேராக ஓட்டுவதும் நல்ல வழி. விளம்பரங்களில் இருவர் படம் மட்டுமே வருவதால் பலருக்கு அது தோன்றுவதில்லை.

எதை எடுத்தாலும் சில செலவுகள் பொது. குழுவில் குறைந்தது பாதிப் பேருக்குக் கடல் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். உயிர்காப்பு மிதவைப் பராமரிப்பு, ஆளுக்கொரு அவசர ஒலிபரப்பி, புயல் ஜிப், புயல் பாய், காப்பீடு. புயல் பாயைப் பையிலேயே வைத்திருக்காமல், 25 நாட்டில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்; இரவில் 45 நாட்டில் எந்தக் கயிறு எந்த வளையத்தில் என்று தேட முடியாது. நீரிணைக்கு முன்னால் இருக்கும் கிரீன் கேப் முனை அருகே வந்ததும், பாஸ் நீரிணையைக் கடக்கப் படகும் ஆட்களும் தயார் என்று ஒவ்வொரு படகும் வானொலியில் அறிவிக்க வேண்டும் என்ற விதி 1998-க்குப் பிறகு வந்தது. அறிவிக்க வேண்டிய நேரத்தில் அதைப் பற்றி யோசிப்பது தாமதம். எந்த நிலையில் அந்தப் பக்கத்து ஈடன் துறைமுகத்துக்குத் திரும்புவது என்று சிட்னியில் கிளம்பும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

கடைசியாக, யாரும் பட்ஜெட்டில் போடாத ஒன்று: படகைத் திரும்பக் கொண்டுவருவது. ஜனவரியில் பந்தயக் குழுவில் பெரும்பாலோர் விமானம் ஏறிவிடுவார்கள். மூன்று நான்கு பேர் அதே பாஸ் நீரிணையை, இப்போது நீரோட்டத்தை எதிர்த்து, பந்தயப் பாய்கள் இல்லாமல் கடக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் திரும்பும் பயணம் யார் பொறுப்பு, அந்தப் பயணத்துக்குக் காப்பீடு செல்லுமா என்ற இரண்டு வரிகளையும் கையெழுத்துக்கு முன்னால் படித்துவிடுங்கள்.